வேலூர் வெயிலில் நீராவி: சிறு மாதிரி ரயில் என்ஜின் ஓட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உண்மையான நீராவியில் ஓடும் சிறு மாதிரி ரயில் என்ஜின்களுக்கான கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. எரிவாயு சரியாக வராவிட்டால் வாயுத் தொட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைக்கவும் என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். சித்திரை மாதக் காலையில் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் நின்றபடி அதைப் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் அதே தொட்டியைக் குளிர்விக்க ஈரத்துணி தேடிக்கொண்டிருப்பார். ஆகவே அந்தக் கையேடுகளை அப்படியே பின்பற்றாமல், நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்ப எங்கெங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர் முதல் ஓட்டத்தை முடிக்கும் வரை வரிசையாக எழுதுகிறேன்.

எந்த என்ஜின்

தரையிலோ மாடியிலோ ஓட்டும் சிறு நீராவி என்ஜின்களில் இரண்டு தண்டவாள அகலங்கள் பரவலாக உள்ளன: 32 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர். ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கினால் 32 மில்லிமீட்டர் என்பது டார்ஜிலிங் மலைரயிலின் இரண்டடிப் பாதைக்குச் சமம். 45 மில்லிமீட்டர் பாதையில், 1:32 அளவில் ஐரோப்பாவின் பெரிய என்ஜின்களும், 1:22.5 அளவில் மீட்டர் கேஜ் என்ஜின்களும் ஓடுகின்றன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு வந்த மீட்டர் கேஜ் வண்டியில் பயணம் செய்தவர்களுக்கு இந்த இரண்டாவது அளவுதான் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, அதாவது நம் ஆர்க்காட்டு மண்ணுக்குத்தான் வந்தது என்பதால், இந்தப் பொழுதுபோக்கு நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் என்ஜினாக எரிவாயுவில் எரியும், ஒற்றைச் சுடர்க்குழாய் (கொதிகலனுக்குள் சுடர் எரியும் குழாய்) கொண்ட, தாமிரக் கொதிகலன் உள்ள சிறு டாங்க் என்ஜினையே, அதாவது தனி டெண்டர் வண்டி இல்லாத என்ஜினையே வாங்குங்கள். ரவுண்ட்ஹவுஸ், அக்யூகிராஃப்ட், ரெக்னர் போன்ற வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களிடம் இவ்வகை என்ஜின்கள் உண்டு. நிலக்கரி அழகானதுதான், ஆனால் தீப்பெட்டி அளவுள்ள நெருப்பறையில் அதை உயிரோடு வைத்திருப்பது தனி வித்தை. ஸ்பிரிட்டில் எரியும் என்ஜின்களை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாடுகள் உண்டு. அதைவிடவும் முக்கியமாக, நம் வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது. சிந்திய ஸ்பிரிட் பாதையோரம் எரிந்துகொண்டிருப்பதைக் கை சுட்ட பிறகுதான் அறிவீர்கள்.

வாங்கும் என்ஜினில் அழுத்தமானியும், நீர்மட்டக் கண்ணாடியும், அழுத்தம் இருக்கும்போதே தண்ணீர் ஏற்ற உதவும் நிரப்பு வால்வும் இருந்தால் கூடுதல் செலவானாலும் தயங்க வேண்டாம். என் முதல் என்ஜினில் கண்ணாடி இல்லை. ஜோலார்பேட்டையில் பயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம் அதைப் பெருமையோடு காட்டியபோது, அவர் வண்ணத்தையோ சக்கரத்தையோ பார்க்கவில்லை, குனிந்து ஓட்டுநர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிக் கண்ணாடி எங்கடா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அது இல்லாம எப்படிடா வண்டி எடுப்ப?" என்றார். அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கலை முழுவதும் அமைந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பழைய என்ஜினை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கொதிகலன் சட்டத்தின் வரையறை 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களை உள்ளடக்குவதில்லை. நம் மாதிரிக் கொதிகலன் கால் லிட்டர்கூடப் பிடிக்காது. ஆகவே அதைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார், நாமேதான் சோதிக்க வேண்டும். கொதிகலனைக் காற்றே இல்லாமல் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிச் சில நிமிடங்கள் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே முறை. புதிதாகச் செய்த கொதிகலனுக்கு இரண்டு மடங்கு. காற்றைக் கொண்டு இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். தண்ணீர் கசிந்தால் அழுத்தம் அந்த நொடியே விழுந்துவிடும், காற்றோ வெடித்து விரியும். ராணிப்பேட்டையில் கொதிகலன் துணைக்கருவிகள் செய்யும் பெல் தொழிற்சாலை இருப்பதால், அழுத்தச் சோதனை என்றால் என்ன என்று அறிந்த ஃபிட்டர்கள் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் கசியும் தாமிர இணைப்பைச் சரிசெய்யச் சாதாரண ஈயப் பற்று போதாது, வெள்ளிப் பற்றுத்தான் வேண்டும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாதை

நீராவி என்ஜினுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் தண்டவாளம் எதனால் ஆனது என்பது பெரிய பிரச்சினை அன்று, மட்டம்தான் பிரச்சினை. ஏற்றத்தில் முக்கி நிற்கும் சிறு என்ஜின், உருளைகளுக்கு நீராவியை விடும் வால்வான ரெகுலேட்டரைக் கூடுதலாகத் திறந்ததும் இறக்கத்தில் பறந்துபோய் வளைவில் கவிழும். மொட்டை மாடியில் மழைநீர் வடிவதற்காக விட்ட வாட்டம் எப்போதும் இருக்கும் என்பதால், பாதையை நேரடியாகத் தளத்தின் மீது போடாமல், ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அவற்றின் மேல் கடப்பாக் கல் பலகைகளை வைத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் கொண்டு சுற்று முழுவதும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முழு மட்டம் முடியாவிட்டாலும் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சாய்வு வேண்டாம். சிறு குறும்பாதை (நேரோ கேஜ்) என்ஜின்களுக்கு 75 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவு போதும். 1:32 அளவிலான பெரிய என்ஜின்களுக்கு மூன்று மீட்டர் ஆரம் வேண்டும்.

வெயிலில் பித்தளைத் தண்டவாளம் நீளும். பத்து மீட்டர் நீளமுள்ள பாதை, 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீள்கிறது. அலுமினியம் இன்னும் சற்றுக் கூடுதலாக நீளும். காலைக் குளிரில் பாதை போடும்போது ஒன்றரை மீட்டருக்கு ஓர் இணைப்பு வீதம் ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நண்பகலில் தண்டவாளம் பாம்புபோல் நெளியாது.

தண்ணீர், எண்ணெய், வாயு

வேலூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு, அதைக் கொதிகலனில் ஊற்றக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை. நம் கொதிகலனை உள்ளே கைவிட்டுச் சுரண்ட முடியாது, படிந்தது படிந்ததுதான். காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. நான் ஐப்பசி, கார்த்திகை மழையில், முதல் சில மழைகள் கூரையைக் கழுவிய பிறகு, மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்துக்கொள்கிறேன். ஓர் ஓட்டத்துக்கு 150 மில்லிலிட்டரே செலவாவதால் பத்து லிட்டர் ஓராண்டுக்குக் காணும். மிகத் தூய நீரில், நீர்மட்டக் கண்ணாடிக்குள் குமிழி ஒட்டிக்கொண்டு பொய் மட்டம் காட்டுவதுண்டு. மட்டம் அசையாமல் நின்றால் அதை நம்பாமல், அடியிலுள்ள வடிகுழாயை ஒருமுறை திறந்து மூடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆயிலை எடுத்து ஊற்றும் ஆசை எல்லாருக்கும் வரும். அது நீராவியோடு சேர்ந்தால் அடித்துச் செல்லப்பட்டுவிடும். பிஸ்டன் ஓடும் உருளைகளுக்குள் (சிலிண்டர்களுக்குள்) செல்வதற்கு நீராவி உருளை எண்ணெய் என்றே தனியாக உண்டு. 460 தரம் என்று கேட்டால் தொழிற்சாலை எண்ணெய் விற்பவர்கள் புரிந்துகொள்வார்கள். வெல்லப்பாகு போல் தடிமனாக, பழுப்பாக இருக்கும். சக்கர அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் சாதாரண மெல்லிய எண்ணெய் போதும்.

இனி வாயு. இங்கேதான் வேலூரும் வெளிநாட்டுக் கையேடும் பிரிகின்றன. பியூட்டேன் 20 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் ஒரு பார் அழுத்தம் தருகிறது. 40 டிகிரியில் அது சுமார் 2.8 பார் ஆகிவிடுகிறது. அதாவது வால்வை ஒரே அளவு திறந்தாலும், குளிர் நாட்டில் வந்ததைவிட மிகக் கூடுதலாக நம் பர்னருக்கு வாயு பாய்கிறது. ஆகவே பியூட்டேன் மட்டுமே உள்ள குப்பிகளை வாங்குங்கள். புரொப்பேன் கலந்தவை குளிர் நாட்டுக்காரர்களின் தேவை, நமக்கு அவை ஆபத்து. வீட்டுச் சமையல் சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருக்கிறது, அதிலிருந்து மாதிரி என்ஜினுக்கு நிரப்ப முயல்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஓட்டும் நாள்

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். பருத்தி உடை அணியுங்கள். நம் மாவட்டங்களில் தோல் வேலைக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் செய்யப்படும் தொழிற்சாலைத் தோல் கையுறை ஒரு சோடி இந்தப் பொழுதுபோக்குக்கு மிகப் பொருத்தமானது. ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில், லூப்ரிகேட்டர் எனப்படும் சிறு எண்ணெய்க் கலத்தைத் திறந்து, முந்தைய ஓட்டத்தில் சேர்ந்த தண்ணீரை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு நீராவி எண்ணெயை நிரப்புங்கள். இந்தக் கலம் வேலை செய்யும் விதம் எளிமையானது: உள்ளே வரும் சிறிதளவு நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்குகிறது, எண்ணெய் இலேசானது என்பதால் மேலே உயர்ந்து நீராவிக் குழாய்க்குள் துளித்துளியாக நழுவுகிறது. பழைய தண்ணீரை எடுக்காமல் மேலே எண்ணெய் ஊற்றினால் பாதி ஓட்டத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும். பிறகு அசையும் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

அடுத்து, கொதிகலனைத் தண்ணீரால் வழிய நிரப்பி, பின்னர் 25 அல்லது 30 மில்லிலிட்டரை ஊசிக்குழலால் திரும்ப எடுத்துவிடுங்கள். அந்த வெற்றிடம்தான் நீராவிக்கான இடம். அதை விடாவிட்டால் புகைபோக்கி வழியாக வெந்நீர் பீய்ச்சியடிக்கும்.

வாயுவைக் கடைசியில் நிரப்புங்கள். திறந்த வெளியில், அருகில் எந்தச் சுடரும் இல்லாதபோது, என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் நிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பியூட்டேன் காற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமானது என்பதால் சிந்தியது மேலே பறந்து போகாது. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மூலையில் போய்த் தேங்கும். ஆகவே நிரப்பிய இடத்திலிருந்து என்ஜினைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சில நிமிடங்கள் கழித்துப் பற்றவையுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் திரவமாகவே இறங்கும். தொட்டி குப்பியைவிடச் சூடாக இருந்தால் திரவம் இறங்காது, எனவே முன்கூட்டியே தொட்டியின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவையுங்கள். வால்வோரம் வெள்ளையாகத் திரவம் தெறித்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள்.

பற்றவைக்கும்போது வாயு வால்வை மிக மெல்லத் திறந்து, காதை அருகே கொண்டுபோய்ச் சீறல் கேட்கும் அளவில் நிறுத்தி, நீள்மூக்கு லைட்டரைப் புகைபோக்கியின் வாயருகே பிடியுங்கள். முகத்தை மட்டும் மேலே நீட்டாதீர்கள். 'பொப்' என்ற ஓசையோடு சுடர், புகைபோக்கியின் அடியிலுள்ள அறையான புகைப்பெட்டியிலிருந்து பின்வாங்கிச் சுடர்க்குழாய்க்குள் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த சுடர் அமைதியாக, அடுப்பின் சிம் நிலை போல, ஒரே சீராக இரையும். ஊளையிட்டால் வாயு அதிகம், குறையுங்கள்.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மே மாதக் காலை, விருந்தினர் தாமதமாக வந்ததால் பத்து மணிக்கு என்ஜினைப் பற்றவைத்தேன். தொட்டி அதுவரை கடப்பாக் கல்லின் மேல் வெயிலில் இருந்தது. சுடர் குழாய்க்குள் போகவே இல்லை. புகைப்பெட்டிக்குள்ளேயே நின்று எரிந்தது. வெளிச்சத்தில் எனக்கு அது தெரியவில்லை. அழுத்தமானி முள் அசையாததைக் கண்டு, வாயு போதவில்லை என்று நினைத்து வால்வை இன்னும் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் புகைப்பெட்டிக் கதவின் கறுப்பு வண்ணம் அப்பளம் போல் கொப்புளித்து எழுந்தது. முள் அசையாதபோது செய்ய வேண்டியது நேர்மாறானது: வாயுவை முழுவதும் மூடி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, தொட்டியைக் குளிர்வித்து, முன்பைவிடக் குறைந்த வாயுவில் மீண்டும் பற்றவைக்க வேண்டும். பிறகும் உட்காராவிட்டால் பர்னருக்கு வாயு பீய்ச்சும் ஜெட் துளையில் அடைப்பு இருக்கலாம். அந்த மெல்லிய துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடாமல், கழற்றி, அசிட்டோனில் ஊறவைத்து, காற்று ஊதித் தூய்மைசெய்யுங்கள்.

ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முள் எழத் தொடங்கும். பெரும்பாலான சிறு என்ஜின்கள் 40 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்தில் வேலை செய்பவை. வீட்டுக் குக்கரின் வெயிட் 15 பவுண்டு வாக்கில் தூக்கும் என்பதையும், 40 பவுண்டில் கொதிகலனுக்குள் தண்ணீர் 140 டிகிரிக்குமேல் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்தால் கையுறையை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது. முள் 10 பவுண்டைத் தொடும்போது பாதுகாப்பு வால்வின் தண்டைக் குறட்டால் மெல்லத் தூக்கி, அது ஒட்டிக்கொள்ளாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு சிவப்புக் கோட்டில் அது தானாகவே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வாயுவை உடனே மூடுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம். அதன் சுருள்வில்லை இறுக்கி அழுத்தம் கூட்ட நினைப்பவர் இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடுவது அனைவருக்கும் நல்லது.

முதல் அசைவு

40 பவுண்டு வந்ததும் ரெகுலேட்டரைத் திறந்துவிட்டால் என்ஜின் புறப்பட்டுவிடாது. குளிர்ந்த உருளைகளில் புகும் நீராவி உடனே தண்ணீராகிவிடும், தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது. உருளைக்குள் நீராவியை விடும் வால்வு தட்டையாக உள்ள என்ஜினில் அது சற்றே எழும்பி அந்தத் தண்ணீருக்கு வழிவிடும். பிஸ்டன் வால்வு உள்ளதில் அதற்கு வழியில்லை, அங்கே பலவந்தமாகத் தள்ளினால் தண்டுகள் வளையும். ஆகவே ரெகுலேட்டரை மயிரிழை திறந்து, என்ஜினைக் கையால் ஒரு சக்கரச் சுற்று முன்னே, திசைமாற்றியை மாற்றி ஒரு சுற்றுப் பின்னே என்று மெல்ல உருட்டிக்கொண்டே இருங்கள். புகைபோக்கியிலிருந்து எண்ணெய் கலந்த பழுப்புத் தண்ணீர் துப்பும். வெள்ளைச் சட்டையோடு குனிய வேண்டாம். ஐந்தாறு முறைக்குப் பிறகு துப்பல் நின்று, கையில் ஓர் உந்துதல் தெரியும். அப்போது விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு சுற்று வெறும் என்ஜின் மட்டும் ஓடட்டும். பிறகு இரண்டு பெட்டிகள் கோத்தால் என்ஜின் நிதானப்படும். பாரம் இல்லாத நீராவி என்ஜின் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டி மாதிரி. பாதுகாப்பு வால்வு ஓயாமல் சீறினால் வாயுவை வீணாக்குகிறீர்கள் என்று பொருள். சுடரைக் குறைத்து, முள் 30 பவுண்டை ஒட்டி நிற்கும்படி வைத்துக்கொண்டால் ஓட்டமும் நீளும், வேகமும் சீராக இருக்கும்.

ஓட்டத்தின் அடிப்படை விதி, தண்ணீர் தீர்வதற்கு முன் வாயு தீர வேண்டும் என்பது. நல்ல தயாரிப்பாளர்கள் தொட்டியின் அளவை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள், ஆனால் அவர்களின் கணக்கும் குளிர் நாட்டுக் கணக்கே. எனவே கண்ணாடி இல்லாத என்ஜின் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: அளந்த தண்ணீரோடு பத்து நிமிடம் மட்டும் ஓட்டி, அணைத்து, முற்றிலும் ஆறிய பிறகு எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினால் பழைய மட்டம் வருகிறது என்று பாருங்கள். 150 மில்லிலிட்டர் ஊற்றிய கொதிகலன் பத்து நிமிடத்தில் 50 குடித்திருந்தால், சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்கு வைத்துவிட்டு அதற்கு மேல் ஒரு சுற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். கோடையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை இதைச் செய்தால் இரண்டு எண்களும் வேறாக வருவதைக் காண்பீர்கள். பெரிய என்ஜின்களில் தண்ணீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பு ஒன்று இருந்தது. நம் சிறு கொதிகலன்களில் பெரும்பாலும் அது இல்லை. நிரப்பு வால்வு இருந்தால் ஓட்டத்தினிடையே கைப்பம்பால் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஏற்றலாம், ஆனால் கண்ணாடியில் தண்ணீர் மறைந்து எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாத நிலையில் ஏற்றக் கூடாது. அப்போது வாயுவை மூடிவிட்டு ஆறவிடுவதே முறை.

பங்குனிக்குமேல் ஓட்டும்போது புதியவர்கள் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு: என்ஜின் நன்றாக ஓடும், புகைபோக்கியில் வெண்மையாக எதுவும் தெரியாது. சூடான உலர்ந்த காற்றில் நீராவி துளியாகிக் கண்ணுக்குத் தெரியும் முன்பே கரைந்துவிடுகிறது. கோளாறு என்று நினைத்து ரெகுலேட்டரைத் திருக வேண்டாம். வெண்புகைப் படம் எடுக்க விரும்புபவர்கள் மார்கழியில், ஏலகிரிப் பக்கம் பனி இறங்கும் விடியலில் வாருங்கள்.

அணைத்த பின்

வாயு தீர்ந்து சுடர் நின்றதும், மிச்ச அழுத்தத்தில் என்ஜினை ஓடவிட்டு, முள் 10 பவுண்டுக்கு இறங்கும்போது நிறுத்தி ரெகுலேட்டரை மூடுங்கள். மூடாமல் விட்டால், ஆறும் கொதிகலனுக்குள் வெற்றிடம் உண்டாகி, லூப்ரிகேட்டரிலுள்ள எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொதிகலனுக்குள் எண்ணெய் புகுந்தால் அடுத்த முறை தண்ணீர் நுரைத்துப் பொங்கிப் புகைபோக்கி வழியே வரும். இப்படிக் கெட்ட கொதிகலனை வெந்நீரும் சிறிது பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கொண்டு பல முறை அலசினாலும் முழுவதும் சரியாக இரண்டு மூன்று ஓட்டங்கள் பிடிக்கும். முள் பூச்சியத்துக்கு வந்த பிறகு, கையுறையோடு நிரப்பு மூடியைக் கால் திருகு தளர்த்திக் காற்றை உள்ளே விடுங்கள்.

ஆறியதும் சக்கரங்களிலும் தண்டவாளத்திலும் படிந்த எண்ணெயைத் துடையுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் கொதிகலனைக் காலிசெய்து மூடியைத் திறந்தே வையுங்கள். வாயுக் குப்பிகளை மாடி அறையில் வைக்காதீர்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அந்த அறை என்ன சூட்டுக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். நான் அவற்றைக் கீழ்த்தளத்தில், காற்றோட்டமுள்ள படிக்கட்டு நிழலில், அடுப்புக்கும் மின்சாரப் பெட்டிக்கும் எட்டாத இடத்தில் வைக்கிறேன். என்ஜினின் தொட்டியில் வாயு மிச்சம் இருந்தால் அதையும் திறந்த வெளியில் வெளியேற்றிவிட்ட பிறகே அலமாரிக்குள் ஏற்றுகிறேன்.